எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் வாய் நலம்

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு அமைப்பாளர்களில் ஒருவர், "எச்.ஐ.வி.தான் கட்டுக்குள் வந்துவிட்டதே ஐயா, இன்னும் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவில் இன்று சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தினம் ஒரு மாத்திரை போதும் என்ற நிலை வந்திருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லையென்றால், காலையில் எந்தப் பல் மருத்துவரிடம் போவது என்பது இன்னும் விடை இல்லாத கேள்வியாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

இந்த நோய் வெளியுலகுக்குத் தெரியவந்த முதல் நாளிலேயே வாயும் அதில் இடம்பெற்றிருந்தது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. ஐவருக்கும் அபூர்வமான ஒரு வகை நிமோனியா. எய்ட்ஸ் என்ற பெயர்கூட அன்று கிடையாது. அந்த ஐந்து பேருக்குமே சளிச்சவ்வில் கேண்டிடா பூஞ்சைத் தொற்றும் இருந்ததாக அந்தக் குறிப்பு சொல்கிறது. 1984-ல் சான்பிரான்சிஸ்கோவில் டெபோரா கிரீன்ஸ்பான், ஜான் கிரீன்ஸ்பான் தம்பதியும் அவர்களுடைய குழுவினரும் நாக்கின் ஓரத்தில் வரும் ஒரு புது வகை வெண்படலத்தை விவரித்தார்கள். ரத்தப் பரிசோதனை பரவலாகக் கிடைக்காத அந்தக் காலத்தில், வாய்க்குள் பார்த்தே பல மருத்துவர்கள் நோயைச் சந்தேகித்தார்கள்.

நம் ஊர்க் கதை 1986-ல் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுகலை மாணவி திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது. பிறகு சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து செய்த வேலையைப் பல் மருத்துவ மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியர் கே. ரங்கநாதனும் குழுவினரும் தென்னிந்தியாவைச் சேர்ந்த 1000 நோயாளிகளின் வாயைப் பரிசோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் உலகம் முழுவதும் எடுத்துப் பேசப்படுவது. மேலை நாட்டுப் பாடநூலில் இருந்த படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, நம் நோயாளிகளின் வாயில் என்ன இருக்கிறது என்று காட்டிய ஆய்வு அது. அதில் அதிகமாகக் காணப்பட்டவற்றில் அதே கேண்டிடா பூஞ்சையும் ஒன்று.

இந்தப் பூஞ்சையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கேண்டிடா வெளியிலிருந்து வந்து தாக்கும் எதிரி இல்லை. நம்மில் பலருடைய வாயில் எப்போதும் இருக்கிறது, தொந்தரவு செய்வதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான சி.டி.4 செல்கள் குறையும்போது தலையெடுக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்தச் செல்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போகும்போது வாய்ப்பூஞ்சை வெகு சகஜம். நாக்கிலும் அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் திரிந்த தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டுகள் படியும். மருத்துவத் துணியால் மெல்லத் துடைத்தால் திட்டு கையோடு வந்துவிடும். அடியில் சிவந்த, லேசாக ரத்தம் கசியும் புண் தெரியும். துடைத்தும் வராத வெள்ளை என்றால் வேறு யோசிக்க வேண்டும்: நாக்கின் ஓரத்தில் வரிவரியாக இருந்தால் கிரீன்ஸ்பான் குழுவினர் விவரித்த வெண்படலம், கன்னத்தில் இருந்தால் புகையிலை தந்த வெண்திட்டு. ஒரு டார்ச், ஒரு நாக்கழுத்தி, ஒரு துண்டுத் துணி. இவ்வளவுதான் கருவி.

வெள்ளையாக இல்லாமல் சிவப்பாக வரும் பூஞ்சைதான் அதிகம் தவறவிடப்படுவது. அண்ணத்தின் நடுவிலோ நாக்கின் மேலோ சிவந்து வழவழவென்று ஓர் இடம் தெரியும். நோயாளி "காரம் தாங்கலை" என்பார், அவ்வளவுதான். சிலருக்கு உதட்டின் இரு மூலைகளும் வெடித்து, வாயை அகலத் திறக்க முடியாமல் போகும்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வருகிறார். கட்டட வேலைக்குப் போகிறவர். "ரசம் ஊத்திச் சாப்பிட்டாக்கூட எரியுது டாக்டர், மோர்ச்சோறுதான் ஓடுது" என்றார். வாய் வெந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. வயிற்றுப் புண்தான் வாயில் வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மணத்தக்காளிக் கீரை கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருந்தார். பணம் கொடுத்துப் பார்த்த இடங்களிலும் ஒருவரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. "வாயைத் திறங்கம்மா" என்று சொல்லிப் பார்த்தபோது அண்ணம் முழுக்க வெள்ளை. "முழுங்கும்போது நெஞ்சுல எங்கேயாவது வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். நெஞ்சின் நடுவில் கையை வைத்துக் காட்டினார்.

அந்தக் கை வைத்த இடம் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. உதட்டு மூலை வெடிப்பும் அடிக்கடி வரும் வாய்ப்புண்ணும் இரண்டாம் நிலை. விடாமல் இருக்கும் வாய்ப்பூஞ்சை மூன்றாம் நிலை. அதுவே உணவுக்குழாய்க்கு இறங்கி விழுங்கும்போது நெஞ்சு வலித்தால் நான்காம் நிலை, அதாவது எய்ட்ஸ். ஊசி போடாமல், ஸ்கேன் எடுக்காமல், வாயைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டும் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். அவரை நம்பிக்கை மையத்துக்கு ஆலோசனைக்கு அனுப்பினோம். அவர் சம்மதத்தோடு பரிசோதனை நடந்து தொற்று உறுதியானது. ஃப்ளூகோனசோல் மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சோறு இறங்கியது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்க அதுவும் தேவையாக இருந்தது. வாய் வெந்தவருக்கு மாத்திரை விழுங்குவதே தண்டனை. மாத்திரை விழுங்க முடியாதவர் மருந்தை நிறுத்திவிடுவார்.

எரிச்சலோடு வரும் ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. என்று யாரும் பயப்பட வேண்டாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும், இரவிலும் பல் செட்டைக் கழற்றாதவர்களுக்கும் இதே பூஞ்சை வரும். பச்சிளங்குழந்தைக்கு முதல் சில வாரங்களில் வரும் அக்கரமும் பெரும்பாலும் சாதாரணமானதே. எட்டு வாரம் கடந்தும் விடாமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குக் காதடியில் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவதும் உண்டு. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து வேப்பிலை கட்டிக் காத்திருப்பார்கள்; வாரங்கள் போயும் வீக்கம் வடியாது.

ஈறு நோயையும் குறிப்பிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்குப் பல்லிடை ஈறுகள் அழுகி, தாங்க முடியாத வலியும் நாற்றமுமாக, சில நாட்களிலேயே எலும்பு தெரியும் அளவுக்குப் போவதுண்டு. அழுகிய திசுவைச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் கொடுத்து, குளோரெக்சிடின் கொண்டு கொப்பளிக்க வைத்தால் வேகமாக அடங்கும். இதற்கு விசேஷ மருத்துவமனை எதுவும் தேவையில்லை. சாதாரணப் பல் மருத்துவர் செய்யக்கூடிய வேலை.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அந்தத் தாம்பரத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வாய் நோய்களின் முகமே மாறியது. பூஞ்சையும் நாக்கோர வெண்படலமும் குறைந்தன. 2017 முதல், சி.டி.4 எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் தொற்று தெரிந்தவுடனே சிகிச்சை என்பது நாட்டின் கொள்கையானது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிற ஒருவருக்குத் திரும்பவும் வாய்ப்பூஞ்சை வந்தால், மருந்து தவறுகிறதா, வேலை செய்யவில்லையா என்று பார்க்க வேண்டிய அறிகுறி அது. அதனால்தான் கூட்டு மருந்து மையத்தில் மாதாமாதம் எடை பார்ப்பதுபோல வாயையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி வருகிறேன்.

மருந்து புதிய பிரச்சினைகளையும் கொண்டுவந்தது. ஜிடோவுடின் சாப்பிட்டவர்களுக்கு நகத்திலும் வாயின் உட்புறத்திலும் கருமை படிந்தது. அது ஆபத்தில்லாதது என்று சொல்வார் இல்லாமல் பலர் பயந்தார்கள். நெவிராபின் கொடுத்த காலத்தில் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்போடு வாய் வெந்துபோகும் கடுமையான ஒவ்வாமை வந்தது. அப்படி வந்தால் உடனே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இன்றைய மருந்துகள் எவ்வளவோ மேல். ஆனால் நோயாளிகளுக்கு வயதாகிறது. நீண்ட ஆயுள் என்றால் நீண்ட காலம் பல்லும் வேண்டும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீர் சுரந்து பல்லைக் காக்கிறது. எச்.ஐ.வி. சுரப்பிகளைப் பாதிப்பதாலும், ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் மாத்திரைகளாலும் அது வற்றும்போது, ஈறோரத்தில் வரிசையாகப் பற்கள் சொத்தையாகின்றன. மனித பாப்பிலோமா வைரஸால் வரும் வாய் மருக்கள், கூட்டு மருந்து வந்த பிறகு சில இடங்களில் கூடின. புகையிலையும் பாக்கும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் அச்சமும் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இருபது ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வைரஸைக் கட்டுக்குள் வைத்திருப்பவர், கடைசியில் பல் இல்லாமல் சத்தான உணவை மெல்ல முடியாமல் இளைக்கிறார் என்றால் அந்தத் தோல்வி நம்முடையது.

பல்வலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்று பெரும்பாலோர் சாப்பிடும் மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சற்றே பாதிக்கக்கூடியது. பல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிப்பவை. பல் மருத்துவரிடம் போகப் பயந்து, மாதக்கணக்கில் வலி மாத்திரையிலேயே ஓட்டுகிறவர் சொத்தைப் பல்லோடு சிறுநீரகத்தையும் சேர்த்து இழக்க நேரலாம்.

ஏன் பயப்படுகிறார்கள்? மறுக்கப்படுவதால். நேரே முகத்தில் அடித்தாற்போல் "இங்கே பார்ப்பதில்லை" என்று சொல்வது இப்போது குறைவு. "எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர்", "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அங்கே வசதி இருக்கு", "கடைசி ஆளா வாங்க, எல்லாரும் போனப்புறம் பார்க்கலாம்" என்பவை நடைமுறையில் இருக்கும் வடிவங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் சீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, வரிசையில் இருந்த எல்லோரும் படிக்கும்படி மேசைமேல் வைத்தார்கள். அவர் சீட்டை எடுக்காமலே வெளியே வந்துவிட்டார். இன்னொரு பெண், "நோயைச் சொன்னா விரட்டுறாங்க, சொல்லாட்டி துரோகம்னு திட்டுறாங்க, நான் என்ன செய்யட்டும் சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என் தொழிலைச் சேர்ந்த எல்லோர் முன்னாலும் வைக்கிறேன்.

பயத்துக்கு அடிப்படை என்ன என்று எண்களில் பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், நோயாளி சிகிச்சையில் இல்லாத நிலையில் கணக்கிட்ட எண் இது. ஹெபடைடிஸ் சி என்றால் ஏறத்தாழ 3 சதவீதம் வரை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் 30 சதவீதம் வரை. நாற்காலியில் உட்காரும் நோயாளிகளில் யாருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று நாம் கேட்பதுகூட இல்லை. எச்.ஐ.வி.க்கு மட்டும் இரண்டு கையுறை. அமெரிக்காவில் மருத்துவப் பணியின்போது எச்.ஐ.வி. தொற்றியதாக உறுதி செய்யப்பட்டவர்கள் 58 பேர். அவர்களில் பல் மருத்துவத் துறையினர் ஒருவரும் இல்லை. உமிழ்நீரால் எச்.ஐ.வி. பரவுவதில்லை, அந்த வைரஸை முடக்கும் புரதங்களே உமிழ்நீரில் இருக்கின்றன. 121 டிகிரி நீராவியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ், எச்.ஐ.வி.யைவிட எத்தனையோ மடங்கு கடினமான கிருமிகளையும் கொன்றுவிடும். மீறி ஊசி குத்தினால், 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

சிகிச்சையில் இருப்பவரைப் பற்றி இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதில் சென்னைக்கும் பங்குண்டு. 2011-ல் வெளியான எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் கலந்துகொண்டார்கள். சீக்கிரமே சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று அது காட்டியது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில்கூடத் தொற்று பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. படுக்கையைப் பகிர்ந்துகொள்கிறவருக்கு இல்லாத ஆபத்து, கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பல் சுத்தம் செய்கிறவருக்கு எங்கிருந்து வரும்?

ஃபுளோரிடா சம்பவத்தைச் சிலர் எடுத்துச் சொல்வார்கள். 1990-ல் வெளிவந்த அந்தச் சம்பவத்தில் தொற்று இருந்தவர் பல் மருத்துவர். அவரிடமிருந்து நோயாளிகள் ஆறு பேருக்குப் பரவியதாக முடிவு செய்யப்பட்டது. எப்படிப் பரவியது என்பது கடைசிவரை விளங்கவில்லை. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து எடுக்கலாம். நோயாளியை விரட்ட வேண்டும் என்ற பாடம் அதில் இல்லவே இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 1994-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிட்னி ஆபட் என்ற பெண் பல்லைக் காட்டப் போனார். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை விண்ணப்பத்தில் உண்மையாக எழுதினார். பரிசோதித்தபோது ஒரு சொத்தைப் பல் இருந்தது. என் கிளினிக்கில் அடைக்க மாட்டேன், மருத்துவமனையில் வைத்துச் செய்கிறேன், மருத்துவமனைச் செலவு உங்களுடையது என்றார் பல் மருத்துவர். ஆபட் வழக்குப் போட்டார். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், நோய் அறிகுறி இல்லாத எச்.ஐ.வி. தொற்றுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் தீர்ப்பானது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமையை நிலைநாட்டிய அந்தத் தீர்ப்பு ஒரு சொத்தைப் பல்லிலிருந்து பிறந்தது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதையும் பாதியில் நிறுத்துவதையும் அது தடை செய்கிறது. தனியார் கிளினிக்குக்கும் இது பொருந்தும். விவரம் சொல்லிப் பெற்ற சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவருடைய நிலையை அவர் அனுமதி இல்லாமல் பிறரிடம் சொல்லக் கூடாது. சிவப்பு மை எழுத்து அந்த வகையில்தான் வரும். சுகாதாரப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும் ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் நியமிக்கப்பட வேண்டும் என்கிறது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் சேர்த்தே எழுதப்பட்ட சட்டம். நல்ல சட்டம். பல் மருத்துவ மாணவர்களில் எத்தனை பேர் அதை ஒருமுறை படித்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

மாணவர்களே, உங்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் தொற்று இருக்கக்கூடும் என்று வைத்து, எல்லோருக்கும் ஒரே கையுறை, ஒரே முகக்கவசம், ஒரே ஆட்டோகிளேவ் என்று வேலை செய்யுங்கள். அப்படிச் செய்கிறவருக்கு எதிரில் இருப்பவரின் நிலை தெரிந்தாக வேண்டிய கட்டாயமே இல்லை. தெரிந்தால் மருந்து எழுத உதவும், அவ்வளவுதான். சி.டி.4 நன்றாக இருக்கும் ஒருவருக்குப் பல் பிடுங்க மற்றவர்களுக்குச் செய்யாத எந்த விசேஷ ஏற்பாடும் வேண்டாம். மிகவும் பலவீனமாக இருப்பவருக்கு வெள்ளணு, தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள். கூட்டு மருந்து மைய மருத்துவரோடு தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி.யோடு வாழும் சகோதர சகோதரிகளே, வலி வரும்வரை காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுங்கள். ஃப்ளோரைடு பற்பசையால் இரண்டு வேளை பல் தேயுங்கள். பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், சாப்பிடும்போது எரிச்சல், எது வந்தாலும் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, "டாக்டர், என் வாயைக் கொஞ்சம் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். எங்காவது சிகிச்சை மறுத்தால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து விவரம் கேளுங்கள். உங்கள் மையத்தின் ஆலோசகரிடம் சொல்லுங்கள், கூட்டமைப்பிடம் சொல்லுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.